கீறல் சொல்லும் சான்று

நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை சந்தை. ஆடு விற்போரும் வாங்குவோரும் விடியலிலேயே கூடிவிடுவர். பல்லைப் பார்த்து ஆட்டின் அகவையையும், முதுகைத் தடவிப் பார்த்துக் கறியின் எடையையும் சொல்லிவிடும் கூர்மை அங்குள்ள வணிகர்க்கு உண்டு. உடலைப் படித்தறியும் அத்தகைய மக்கள் வாழும் தர்மபுரி மாவட்டத்தில்தான் 2012ஆம் ஆண்டு காட்டேரி அச்சம் பரவியது. ஆடுமாடுகளின் கழுத்தைக் கடித்துக் குருதியை உறிஞ்சும் ஒன்று இரவில் உலவுகிறது என்ற பேச்சு ஊர்விட்டு ஊர் தாவியது. பொழுது சாய்ந்ததும் சிற்றூர்களில் கதவுகள் அடைபட்டன. இக்கட்டுரை காட்டேரியைப் பற்றியதன்று. காட்டேரி கடித்ததாகச் சொல்லப்படும் காயத்தைப் பற்றியது.

செத்துக் கிடக்கும் ஆட்டின் கழுத்தில் இரண்டு துளைகள். தரையில் குருதியைக் காணவில்லை. ஆகவே எதுவோ அதைக் குடித்துவிட்டது. கேட்பவர்க்கு இந்தக் கணிப்பு முறையானதாகவே தோன்றும். ஆனால் கால்நடை மருத்துவர் அவ்வுடலைத் திறந்து பார்க்கையில் கதை வேறாகிறது. தொண்டையைக் கவ்விக் கொல்லும் விலங்கு பெரும்பாலும் மூச்சுக்குழலை நெரித்தே கொல்கிறது. பெருங்குழாய் அறுபட்டுக் குருதி பீறிடுவதில்லை. நெஞ்சுத் துடிப்பு நின்றபின் குருதியைத் தள்ள விசையில்லை. அது தன் எடையாலேயே உடலின் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கி உறைகிறது. மேலிருந்து பார்ப்பவர்க்கு வெளிறிய சடலம். புரட்டித் தோலை உரித்தால் கருஞ்சிவப்பு. கூட்டமாய் வரும் நாய்கள் பின்தொடையிலும் வயிற்றிலும் தாறுமாறாகக் கிழித்திருக்கும். சிறுத்தை தொண்டையில் ஆழமான கோரைப்பல் துளைகளை இட்டிருக்கும். குருதி எங்கும் போகவில்லை. அது இருக்குமிடத்தில் யாரும் தேடவில்லை, அவ்வளவே.

ஆட்டின் காயத்தை ஆராய்வது எளிது, ஏனெனில் ஆடு கதை சொல்வதில்லை. மாந்தர்க்குக் காயமும் உண்டு, அதனை விளக்கும் கதையும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் அவர் மருத்துவமனைக்கு வருகிறார். அந்தக் கட்டை அவிழ்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் நாட்டில் நன்கு பதிவான நிகழ்வு, 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் காசியாபாத்திலும் கிழக்குத் தில்லியிலும் நடந்தது. 'குரங்கு மனிதன்' என்ற பெயரால் அது இன்றும் நினைவுகூரப்படுகிறது.

கோடை உச்சத்தில் இருந்தது. மின்வெட்டு நீண்டது. நெருக்கமான குடியிருப்புகளின் மக்கள் மொட்டைமாடிகளில் வரிசையாய்ப் படுத்துறங்கினர். அந்த இருட்டில் யாரோ அலறினார். குரங்கு போன்ற ஒன்று பாய்ந்து கீறிவிட்டு மறைந்தது என்றார். அடுத்தடுத்த இரவுகளில் அலறல்கள் பெருகின. நாலடி உயரம் என்றார் ஒருவர். ஆளுயரத்தையும் மிஞ்சியது என்றார் மற்றொருவர். உடலெங்கும் கருமயிர், தலையில் தலைக்கவசம், கையில் இரும்பு நகம், சிவந்தெரியும் கண், மார்பில் அழுத்துபொத்தான்கள் என உருவம் நாளுக்கு நாள் அணிகலன் பூண்டது. காவல்துறைக்கு நூற்றுக்கணக்கான தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஓவியரைக் கொண்டு உருவப்படங்கள் வரையப்பட்டன. துப்புத் தருவோர்க்கு 50,000 உரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. அதிரடிப் படையினர் தெருவில் இறங்கினர். ஒரு கற்பனை உருவுக்கு அரசே படம் வரைந்து பரிசும் வைத்தால், அதை நம்பாதிருக்க எளியவர்க்கு என்ன வழி இருக்கிறது? அந்த அறிவிப்பு அச்சத்தைத் தணித்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இறந்தவர்கள் இருந்தார்கள். குரங்கு மனிதன் வருகிறான் என்ற கூச்சல் கேட்டு, உறக்கக் கலக்கத்தில் மாடியிலிருந்து குதித்தும் படிகளில் உருண்டும் குறைந்தது இருவர் உயிர்விட்டனர். குள்ளமான துறவி ஒருவர், இவன்தான் அவன் என்று அடிக்கப்பட்டார்.

பின்னர் ஆய்வு நடந்தது. கிழக்குத் தில்லியின் தில்சாத் தோட்டப் பகுதியில் இரண்டு மருத்துவ நிறுவனங்கள் அருகருகே உள்ளன. ஒன்று குரு தேக் பகதூர் மருத்துவமனை. காயம்பட்டோர் செல்வது அங்கே. மற்றொன்று மனித நடத்தை மற்றும் துணை அறிவியல் கழகம். உளநலம் குன்றியோர் செல்வது அங்கே. ஒரு நகரம் தன் அச்சத்தை எந்த வாயிலுக்குக் கொண்டுசெல்வது என்று தடுமாறிய நாள்கள் அவை. உளநல வல்லுநரும் நடுவண் தடய அறிவியல் ஆய்வகத்தாரும் காவல்துறையினரும் சேர்ந்து ஆராய்ந்து, குரங்கு மனிதன் என ஒன்று இருந்ததற்குச் சான்றே இல்லை என அறிவித்தனர். தாக்கப்பட்டதாகச் சொன்னோரின் காயங்களைப் பார்த்த வர்மா, சிறீவத்சவா என்னும் மருத்துவர் இருவர் தம் ஆய்வை 2003ஆம் ஆண்டு இந்திய மருத்துவ அறிவியல் இதழில் வெளியிட்டனர். கூட்டு மருட்சி என்ற முடிவுக்கே அவர்களும் வந்தனர்.

கூட்டு மருட்சி என்பதை மருத்துவம் கவனமாகவே வரையறுக்கிறது. பொதுவான நோய்க்கிருமியோ நஞ்சோ இல்லை. ஆனால் ஒருவரைப் பார்த்தும் கேட்டும் மற்றவர்க்கு ஒரே வகை நோய்க்குறி தோன்றுகிறது. நடிப்பன்று, பொய்யன்று. நெஞ்சு உண்மையிலேயே படபடக்கிறது. கைகால் உண்மையிலேயே மரத்துப்போகிறது. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பள்ளியொன்றில் ஆசிரியை ஒருவர் பெட்ரோல் வாடை வீசுவதாகச் சொன்னதைத் தொடர்ந்து 80 மாணவரும் 19 பணியாளரும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காற்றையும் நீரையும் குருதியையும் சலித்தெடுத்தும் நஞ்சு எதுவும் அகப்படவில்லை. அங்கே தலைவலியும் குமட்டலும்தான் இருந்தன. கண்ணால் காணத்தக்க காயம் இல்லை. தில்லியில் இருந்தது. இந்த வேறுபாடு பெரிது. தலைவலியை 'மனம் செய்தது' என்று சொல்லிவிடலாம். மனம் முழங்கையில் குருதி கசியக் கீறுவதில்லை. கீறல் இருந்தால் அதைக் கீறியதும் ஒன்று இருந்தாக வேண்டும். மருட்சி என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் மருத்துவர், பாதி வேலையைத்தான் செய்தவராகிறார்.

மீதிப் பாதிக்குத் தடய மருத்துவம் என்று பெயர்.

தோலின் மேலடுக்கு உராய்ந்து நீங்குவது சிராய்ப்பு. காயங்களிலே மிக எளியது, சட்டத்தின் கண்ணில் மிகச் சிறியது. ஆனால் தடய மருத்துவர்க்கு அதுவே நிறைய சொல்லும். உராயும் பொருள் தோலின் மெல்லிய துகள்களைத் தன்முன் தள்ளிக்கொண்டே போகிறது. கீறல் முடியும் இடத்தில் அவை குவிந்து நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் குவியல் எந்த முனையில் இருக்கிறதென்று தெரியும். கீறல் மேலிருந்து கீழிறங்கியதா, கீழிருந்து மேலேறியதா என்பது அதனால் தெளிவாகும். முன்னால் நின்று பாய்ந்த ஒன்றின் கை இழுத்த கோடும், தன் கையாலேயே தான் சொறிந்த கோடும் ஒரே திசையில் அமைவது அரிது. நகம் இழுபடாமல் அழுந்தி நின்றால் பிறைவடிவம் பதியும். இழுபட்ட நகக்கீறல் தொடக்கத்தில் அகன்று முடிவில் குறுகும்.

அகவையும் தெரியும். புதிய சிராய்ப்பு ஈரமாய்ச் சிவந்திருக்கும். ஒரு நாளுக்குள் பொருக்கு கட்டத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் பொருக்கு கருத்து இறுகும். ஒரு வாரமளவில் ஓரத்திலிருந்து உதிரத் தொடங்கும். நேற்றிரவு தாக்கப்பட்டேன் என்பவரின் கையில் இறுகிய கரும்பொருக்கு இருந்தால், அந்தக் கீறல் நேற்றைக்கு முன்பே அங்கே இருந்தது. கன்றிய காயத்தில் சிவப்பு நீலமாகி, பழுத்துப் பச்சையாகி, மஞ்சளாகி மறையும். குருதியிலுள்ள செந்நிறப் பொருள் படிப்படியாய்ச் சிதைவதன் நிறங்கள் இவை. ஆயினும் கன்றலின் நிறத்தைக் கொண்டு நாள் குறிப்பதில் இன்றைய மருத்துவர் மிகுந்த தயக்கம் காட்டுகின்றனர். ஒரே அடி இருவர் உடலில் இருவேறு விரைவில் நிறம் மாறும். நம்மவரின் கருந்தோலில் அந்நிறங்கள் எளிதில் புலப்படுவதும் இல்லை. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட நிறப்பட்டியலைத் தர்மபுரி உழவரின் முதுகின்மேல் அப்படியே வைத்துப் பார்ப்பது பிழை.

இடமும் சான்று பகரும். தன் கைக்கு எட்டும் இடத்தில் மட்டும், ஆழமின்றி, ஒன்றுக்கொன்று இணையாய், கண் உதடு போன்ற மென்மையான இடங்களை விலக்கி அமைந்த கீறல்கள் ஐயத்தை எழுப்பும். உண்மையில் தாக்கப்பட்டவர் கையைத் தூக்கித் தடுப்பார். முன்கையிலும் உள்ளங்கையிலும் தடுப்புக் காயங்கள் இருக்கும். மேலாடை கிழிபடாமல் அதனடியில் தோல் மட்டும் கிழிந்திருந்தால், தாக்கியது துணிக்குள் புகுந்து வந்ததா என்று கேட்கத்தான் வேண்டும்.

குரங்கைப் பற்றியும் ஒரு சொல். நம்மூர்க் குரங்குக்குப் பூனைக்கு இருப்பது போன்ற வளைந்த கூருகிர் கிடையாது. நமக்குள்ளது போன்ற நகமே உண்டு. வெகுண்டால் அது கடிக்கும். கடி ஆழமாய் இறங்கும். மெல்லிய கோடுகளை மட்டும் கிழித்துவிட்டு ஓடுவது அதன் இயல்பன்று. இரும்பு நகம் பூண்ட குரங்கு எனக் கதை ஏன் வளர்ந்தது என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. காயம் குரங்கின் காயமாக இல்லை. எனவே காயத்துக்கு ஏற்பக் குரங்கு மாற்றிச் செய்யப்பட்டது.

கீறியது எது? ஒரே விடை கிடையாது. அதனால்தான் இவ்வாய்வு கடினம். இருட்டில் அலறி ஓடுவோர் கொடிக்கம்பியிலும் சுவரின் காரை பெயர்ந்த முனையிலும் கட்டில் ஆணியிலும் உராய்வர். அச்சத்தின் உச்சியில் உடல் வலியை அடக்கிவைக்கும். சற்றுப் பொறுத்து விளக்கு வந்ததும்தான் முழங்கையில் குருதி தெரியும். அப்போது கதை ஆயத்தமாய் இருக்கும். கீறல் அதற்குள் போய் அமர்ந்துகொள்ளும். உறங்குவோரின் கால்விரலை எலி கறம்புவதும் புதிதன்று. இன்னும் சிலர்க்குத் தோலே எழுதுபலகை போன்றது. நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேர்வரை இவ்வியல்பு உண்டென்பர். நகத்தால் இலேசாய் வருடினாலும் சில நிமிடங்களில் கோடு சிவந்து தடித்தெழும், அரைமணியளவில் மறையும். உறக்கத்தில் தாமே சொறிந்துகொண்டதை அவர்கள் அறியார்.

மழைக்காலத்தில் விளக்கொளிக்கு வரும் ஒரு சிறு வண்டையும் மறந்துவிடக்கூடாது. எறும்பு போன்ற உடல், கறுப்பும் செம்மஞ்சளும் மாறிமாறி வரும் நிறம். அறிவியலார் இதைப் பெடரசு என்பர். இது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. கழுத்தில் ஊர்வதைத் தூக்கக் கலக்கத்தில் தட்டித் தேய்த்துவிட்டால், அதன் உடற்சாற்றிலுள்ள பெடரின் என்னும் நஞ்சு தோலில் பரவும். உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாளோ இரு நாளோ கழித்துச் சாட்டையால் விளாசியது போல நீண்ட செங்கோடு எரிச்சலோடு கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இருபுறமும் ஒன்றையொன்று ஒத்த இரு புண்கள் தோன்றும். ஊரில் அச்சம் பரவியிருக்கும் வேளையில் கழுத்தில் இத்தகைய கோட்டோடு ஒருவர் எழுந்தால், வண்டின் பெயரை யார் சொல்லப்போகிறார்கள்?

வேண்டுமென்றே காயம் செய்துகொள்வதும் நம் நாட்டுத் தடய மருத்துவர்க்குப் பழகிய கலைதான். சேராங்கொட்டையின் சாறு வண்ணார் துணியில் குறியிட மட்டும் பயன்பட்டதன்று. அடிதடி வழக்கில் எதிரியை மாட்டிவிட விரும்பியவர் அதைத் தோலில் தடவிக் கன்றல் போன்ற கறையை உண்டாக்கினர். எருக்கம்பாலும் கொடிவேலி வேரும் இதே பணிக்கு உதவின. கண்டுபிடிப்பதற்கு வழி உண்டு. உண்மைக் கன்றலின் அடியில் குருதி கசிந்து பரவியிருக்கும். சேராங்கொட்டைக் கறையின் அடியில் அது இராது. விளிம்பு ஒழுங்கற்று, சுற்றிலும் பொடிக்கொப்புளம் எழுந்து, தாங்கமுடியாத நமைச்சல் இருக்கும். நமைச்சல் தாளாமல் சொறிந்த விரல்களின் நுனியிலும் அதே கறை இருக்கும். பொய் சொன்னவரை அவர் விரலே காட்டிக்கொடுக்கும்.

இங்கிலாந்தின் ஆலிபாக்சு நகரில் 1938ஆம் ஆண்டு நடந்தது இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. நவம்பர் 16 அன்று ஆலைப் பெண்கள் இருவர் தலையில் காயத்தோடு வந்து, மரச்சுத்தியல் ஏந்திய ஒருவன் தாக்கினான் என்றனர். அடுத்த நாள்களில் தாக்குதல்கள் பெருகின. ஆனால் சுத்தியல் மறைந்து சவரக்கத்தி வந்தது. ஊர்க்காவல் கும்பல்கள் கிளம்பின, குற்றமற்றவர்கள் அடிபட்டனர். இலண்டனிலிருந்து தேர்ந்த துப்பறிவாளர் வந்து ஒவ்வொரு காயத்தையும் ஒவ்வொரு கிழிந்த சட்டையையும் தனித்தனியே ஒப்பிட்டனர். மாத இறுதியில் ஒருவர், காயத்தைத் தாமே செய்துகொண்டதாக ஒப்புக்கொண்டார். பின்னர் வேறு சிலரும் ஒப்புக்கொண்டனர். ஐவர்மீது வழக்கு, நால்வர்க்குச் சிறை. தண்டனை மிகையென்றே எனக்குத் தோன்றுகிறது. ஊர் முழுதும் ஒருவனைத் தேடிக்கொண்டிருக்கையில், தனிமையில் வாடிய ஒருவர் தன்னையும் ஊர் ஒருமுறை தேடட்டும் என்று கத்தியை எடுத்திருக்கலாம். அது குற்றவியல் நடுவரிடம் போகவேண்டியதா, மருத்துவரிடமா என்பது எளிய கேள்வியன்று.

பொய்யும் இல்லை, பூச்சியும் இல்லை, ஆணியும் இல்லை. ஆயினும் ஒருவன் மார்பில் ஏறி அமர்ந்தான் என்று மனமாரச் சொல்வோர் உண்டு. நம் பாட்டிமார் அதை அமுக்குவான் என்றனர். கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். இல்லையேல் கனவில் ஓடுவோர் கட்டிலிலிருந்தும் ஓடுவர். சிலவேளை விழிப்பு முந்திக்கொள்ளும், தசைகளின் கட்டு அவிழத் தாழும். கண் திறந்திருக்கும், கை அசையாது, கனவின் மிச்சம் அறைக்குள் உருவாய் நிற்கும், மார்பு அழுந்தும். உறக்கம் கெட்டோர்க்கும் மல்லாந்து படுப்போர்க்கும் இது மிகுதி. இப்போது அச்சம் பரவிய ஊரை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் தடியோடு காவல், விடியலில் அரைத்தூக்கம், பகலில் வேலை. உறக்கம் எவ்வளவு கெடுகிறதோ அவ்வளவுக்கு அமுக்குவான் வருகை கூடும். வருகை கூடக் காவல் இறுகும். அச்சம் தனக்கு வேண்டிய சான்றைத் தானே விளைவித்துக்கொள்ளும் வழி இது.

கவனம் திரும்புவது ஒன்றே போதும் என்பதற்கு மாந்தவுடலே சாராத சான்று ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மக்கள் தம் மகிழுந்துகளின் முன்கண்ணாடியில் சிறு குழிகள் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டனர். ஏறத்தாழ 3,000 கண்ணாடிகள் கெட்டதாய்ப் புகார்கள் வந்தன. அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் என்றனர் சிலர். நகரத் தலைவர் குடியரசுத் தலைவர்க்கே தந்தி அடித்தார். ஆராய்ந்தபோது தெரிந்தது இதுதான்: குழிகள் சாலைக்கல் தெறித்து நெடுநாளாய் அங்கேயே இருந்தவை. அதுவரை கண்ணாடி வழியாகப் பார்த்த மக்கள், முதன்முறையாகக் கண்ணாடியைப் பார்த்தனர். உழைக்கும் மக்களின் கைகால்களும் அப்படித்தான். முள்ளும் அரிவாளும் கயிறும் நாள்தோறும் கோடிடும் உடல்கள் அவை. எண்ணிப் பார்க்கச் சொன்னால் எந்த உழவர் கையிலும் எப்படி வந்ததென்று அவரே அறியாத நாலைந்து கீறல்கள் இருக்கும்.

தில்லிக்கு அடுத்த ஆண்டிலேயே, 2002இல், உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில் 'முகநோச்வா' என்னும் முகம் கீறி பற்றிய அச்சம் எழுந்தது. ஒளிவீசிக்கொண்டு பறந்துவந்து முகத்தைக் கீறுவதாகப் பேச்சு. வறண்ட வானிலையில் உருளும் பந்து மின்னலாயிருக்கலாம் என்று கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்து அறிவியலார் ஒருவர் கருத்துச் சொன்னார். பூச்சி என்றனர் வேறு சிலர். இலக்னோ மருத்துவர்களோ தம்மையறியாமல் தாமே கீறிக்கொண்டவை என்றனர். எனக்குப் பந்து மின்னல் விளக்கம் உவப்பானதன்று: அறியாத ஒன்றை அதனினும் அரிதான ஒன்றால் விளக்குவது அறிவியல் உடையில் வந்த மற்றொரு புரளியாகிவிடும். காவல்துறை தங்களைக் காக்கவில்லை என்று சினந்த மக்கள் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்து உயிரும் போனது.

2017இல் இராசத்தான், அரியானா, தில்லி எனப் பரவிய கூந்தல் அறுப்பு அச்சத்தில் வலியே இல்லை. மயங்கி விழித்த பெண்ணின் அருகே அறுந்த பின்னல் கிடந்தது. ஆக்ராவை அடுத்த சிற்றூரில், கூந்தல் அறுக்க வந்தவள் என்று மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். நம் மாநிலம் இதற்கு விலக்கன்று. 2018ஆம் ஆண்டு மே மாதம் பிள்ளை பிடிப்போர் வருகின்றனர் என்ற வாட்சாப் செய்தி வட மாவட்டங்களில் சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு கூட்டம் தாக்கியது. அதில் மூதாட்டி ஒருவர் இறந்தார். அதையொட்டிய நாள்களிலேயே பழவேற்காட்டில் இன்னொருவர் கொல்லப்பட்டார். காட்டேரியின் கீறல்களை ஆராயும் மருத்துவர் பொருக்கையும் நிறத்தையும் பார்த்துத் தயங்குவார். இந்தப் பிணங்களின்மேல் அத்தகைய தயக்கத்துக்கே இடமில்லை. மண்டை எதனால் உடைந்தது, விலா எத்தனை முறிந்தது என்பதில் ஐயமே எழாது.

இதுவரை சொன்னவற்றால், இரவில் தாக்கப்பட்டோம் என்னும் ஏழைகள் எல்லாரும் மருண்டவர் என்று யாரேனும் முடிவு கட்டினால் அது கொடிய பிழை. அதற்கு மறுமொழி இலங்கையில் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு ஆகத்து மாதம் அங்கே கிரீசு பூதம் என்ற அச்சம் மலையகத் தோட்டங்களிலும் கிழக்கிலும் பரவி யாழ்ப்பாணம்வரை எட்டியது. உடலெங்கும் கிரீசு பூசியவர்கள் இரவில் வந்து பெண்களைக் கீறுவதாய்ச் சொன்னார்கள். கிரீசு பூசிய திருடனைப் பற்றிய பழங்கதை அந்நாட்டில் முன்பே உண்டு. அது புதுவடிவம் கொண்டது என்று விளக்குவது எளிது. ஆனால் போர் முடிந்து ஈராண்டே ஆன மண் அது, தெருமுனைதோறும் படையினர். தாங்கள் துரத்திய ஆள்கள் படைமுகாமை நோக்கி ஓடினர் என்று பல ஊர்களில் மக்கள் சொன்னார்கள். ஆகத்து 22ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் அவ்வாறு ஒரு துரத்தல் நடந்தபின் படையினர் ஊருக்குள் புகுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். அடித்து இழுத்துச் செல்லப்பட்டதாக அவர்கள் முறையிட்டனர். உச்சநீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களும் பதிவாயின.

தடியால் விழுந்த அடி தோலில் தன் வரலாற்றைத் தெளிவாக எழுதும். தடி பட்ட நேர்க்கோட்டில் குருதி இருபுறமும் ஒதுக்கப்படும். ஓரங்களில் இரண்டு இணையான கன்றல் கோடுகளும் நடுவே வெளிறிய பட்டையும் தெரியும். இதைப் பூச்சியும் செய்யாது, உறக்கமும் செய்யாது, சேராங்கொட்டையும் செய்யாது. ஒரே அச்சத்தின்போது ஒரே சட்ட வைத்திய அதிகாரியின் முன்னால் முகத்தில் மெல்லிய கீறலோடு ஒரு பெண்ணும், முதுகில் இணைக்கோடுகளோடு ஓர் ஆணும் வந்து நிற்கலாம். இருவரையும் மருட்சி என்ற ஒரே சொல்லில் அடக்கினால், அடித்தவன் தப்பிவிடுவான். பின்னர்க் காசுமீரிலும் நிலை இதுவே. 2017இல் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட கூந்தல் அறுப்புப் புகார்கள் எழுந்தபோது, காவல்துறை மருட்சி என்றது. மக்கள் படையை ஐயுற்றனர். அரசை நம்பாத ஊரில் மருத்துவரின் சொல்லும் அரசின் சொல்லாகவே கேட்கப்படும். அந்நிலையில் அவர்க்குள்ள ஒரே வலிமை, காயத்தைத் தாம் நேரில் பார்த்து எழுதிய குறிப்புத்தான்.

நல்லம்பள்ளிப் பக்கத்து ஆரம்ப நல்வாழ்வு நிலையமொன்றுக்கு நாளை விடியலில் ஒருவர் ஓடிவந்து, காட்டேரி கீறிவிட்டது என்று முன்கையைக் காட்டினால் என்ன செய்வது? நம் அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது. விபத்துப் பதிவேடான அதில் பதிவதை மக்கள் 'ஏ.ஆர். போடுவது' என்பர். அதில் இரண்டு செய்திகள் தனித்தனியே எழுதப்படவேண்டும். எது, எங்கே, எப்போது தாக்கியதாக அவர் சொல்கிறார் என்பது ஒன்று. அதை அவர் சொன்னபடியே எழுதலாம், திருத்தவோ நகைக்கவோ வேண்டியதில்லை. மற்றொன்று, மருத்துவர் கண்டது: கீறல் எத்தனை, நீளம் எவ்வளவு, எந்தத் திசை, என்ன நிறம், பொருக்கு உண்டா, துணி கிழிந்ததா. அளவுகோல் வைத்து ஒரு நிழற்படம். இவ்விரண்டும் கலவாமல் இருந்தால் போதும். நாற்பது பேர் வந்தபின் நாற்பது பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஊருக்குள் உலவுவது நாயா, வண்டா, ஆளா, அச்சமா என்பது தெரியத் தொடங்கும். முதல் ஐந்து பேரைச் சிரித்து அனுப்பிவிட்ட மருத்துவமனைக்கு அந்த வாய்ப்பு ஒருபோதும் கிட்டாது.

மற்றொரு காரணமும் உண்டு. அது எல்லாவற்றினும் அவசரமானது. காட்டேரி இல்லை என்பது உறுதி. நாய் இல்லை என்பது உறுதியன்று. குரங்கோ பூனையோ கீறியிருக்கவும் கூடும். குருதி வராத சிறு கீறலாயினும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி தேவைப்படும் இரண்டாம் வகைக் காயமாகவே அது கணக்கிடப்படும். குருதி கசிந்தால் மூன்றாம் வகை, காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரதமும் செலுத்தவேண்டும். அந்நோய் மூளையை எட்டியபின் காப்பாற்ற மருந்தில்லை. ஆகவே முதலில் ஓடும் நீரிலும் வழலையிலும் கால்மணி நேரம் காயத்தைக் கழுவவேண்டும், பிறகு ஊசி. நம் நாட்டு முறைப்படி தோலுக்குள் இடும் ஊசி அன்றும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், இருபத்தெட்டாம் நாளும் போடப்படும். காட்டேரி கீறியதாகச் சொன்னவர் அவ்வாறு நான்குமுறை வருவார். மூன்றாம் நாள் பொருக்கு என்ன நிறத்தில் இருக்கிறது என்று மருத்துவர் பார்க்கலாம். ஏழாம் நாள் அவர் சற்று அமைதியாக இருப்பார். அன்றிரவு விளக்கு இருந்ததா, தெருநாய் குரைத்ததா, அதற்கு முந்திய இரவு உறங்கினாரா என்று அப்போது கேட்கலாம்.